கட்டம் போதாது

பரந்தன் சந்தியில்
உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை.
பதினொரு வருசமாய் இலக்கங்கள் எல்லாம் என்னிடம்.
பெயாரிங் ஆறு இரண்டு பூச்சியம் ஐந்து,
மூன்றாம் தட்டு, இடமிருந்து நாலாவது பெட்டி.
முதலாளி கொப்பியைத் திறக்கமாட்டார்,
"காந்திமலரைக் கேளுங்கோ" என்பார்.
சாமானோடு போகிறவர்கள்
அவரிடம் குரலைத் தாழ்த்துவார்கள்:
"பிள்ளை செல்லடியில பயந்ததோ?"

வன்னியில் ஒருத்தி முகம் பாராமல் கதைத்தால்
அதற்குக் காரணம் இரண்டாயிரத்து ஒன்பது.
நான் அதற்கு முன்னமும் இப்படித்தான்.
நாலு வயதில் புளியங்கொட்டைகளைப்
பருமன்படி அடுக்கியவள்.
ஒன்றை யாரும் எடுத்தால்
பொழுதுபடும்வரை அழுதவள்.
செல்லும் விழுந்தது. அதுவும் உண்மை.
பங்கருக்குள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தேன்,
அம்மா வாயைப் பொத்தினா.
அவவின் உள்ளங்கையில் மண்ணெண்ணெய் மணம்.
இரண்டையும் ஒன்றாக்காதேங்கோ.
ஒன்று எனக்கு நடந்தது.
மற்றது நான்.

ஐயா எழுபத்தேழில் அட்டன் பக்கமிருந்து வந்து
மலையாளபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு பெயர்:
தோட்டக்காட்டாள், விசரி.
எந்த நாள் எது வருமென்று
அட்டவணை போட்டுப் பார்த்தேன்.
ஒழுங்கு பிடிபடவில்லை.
பெரியபிள்ளையான பிறகு மூன்றாவதும் வந்தது:
"இதை ஆர் கட்டுவான்?"

போயா நாட்களில்
டியூசன் கொட்டிலின் கடைசி அறை எங்களுக்கு.
மினுங்குகிற டியூப்லைட்டை முதல் நாளே கழற்றிவிட்டோம்.
ஃபானும் போடுவதில்லை. வியர்க்கும், வியர்க்கட்டும்.
கதிரைகள் எல்லாம் யன்னலைப் பார்த்தபடி.
முல்லைத்தீவு அமலதீபன்
கரை தட்டமுன்னமே எவருடைய போட் என்று
இன்ஜின் சத்தத்தில் சொல்வான்,
கல்யாணவீட்டு மைக் கேட்டால் ஓடிவிடுவான்.
நீராவிப்பிட்டிச் சஹீதா
புத்தளத்தில் பிறந்து 'திரும்பி' வந்தவள்.
பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று
அவள் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.
அபாயாவுக்குள் கையை ஆட்டுவது வசதி என்றாள்.
சிரிக்கலாமா என்று கேட்டோம்.
யோசித்துவிட்டு, ஓம் என்றாள்.
குகநேசன் வாயால் கதைப்பதில்லை, போனில் எழுதுவான்.
அவன் எழுதி முடியும்வரை
வசனத்தை ஒருவரும் முடித்துக்கொடுக்கக் கூடாது.
அது ஒன்றுதான் எங்கள் யாப்பு.

போன போயாவுக்கு அமலதீபன் முனகத் தொடங்கினான்,
ஒரே சுருதியில்.
ஒரு கையும் எழும்பவில்லை.
கொஞ்ச நேரத்தில் நானும்.

பிரதேச செயலகத்துப் படிவத்தில் நாலு கட்டம்:
கண். காது. கை கால். மூளை.
உத்தியோகத்தர் அண்ணனிடம் கேட்டார்:
"இவவுக்கு என்ன பிரச்சினை?"
குகநேசன் எழுதித் தந்த அட்டையை மேசையில் வைத்தேன்:
என்னட்டைக் கேளுங்கோ.
அவர் அண்ணனைப் பார்த்தார்.
அண்ணன் கூரையைப் பார்த்தான்.
(முதல் நாளே பழக்கியிருந்தேன்.)
"ஓட்டிசம்" என்றேன்.
"அது சின்னப்பிள்ளையளுக்கெல்லோ?"
"சின்னப்பிள்ளையள் வளருவினம், ஐயா."
"அப்ப மதியிறுக்கம் எண்டு போடவோ?"
"என்ர மதி இறுகேல்லை. உங்கட படிவம்தான் இறுக்கம்."
இந்த வசனத்தைப் பஸ்ஸில்
இருபத்தாறு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன்.
பிறகு சொல்ல ஒன்றும் தயாராக இல்லை.
அடிமட்டம் கேட்டேன். தந்தார்.
நாலாவதுக்குக் கீழே ஐந்தாவதைக் கீறி
எழுதினேன்: ஓட்டிசம். பெண். மலையகத்தாள். வன்னியாள்.
வேலை இருக்கிறது. காசு கேட்கவில்லை.
சனம் குறைந்த நேரம் ஒன்று வேண்டும்,
எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும்,
வராமலே வீட்டில் இருக்கிறவர்களுக்கும்.

"கட்டத்துக்கு வெளியில போகுது, பிள்ளை."
"ஓம். போகுது."

முத்திரையை எடுத்தார்.
நான் இரண்டு காதையும் பொத்தினேன்.
ஓங்கிய கையை அப்படியே நிறுத்தி,
பிறகு மெல்ல, சத்தமில்லாமல்
அமத்தினார்.